பகலில் ஆலப்புழை 576: ஃபெரைட் ராடில் எத்தனை சுற்று சுற்றணும்?

கல்லிடை_மணி
4 ஆகஸ்ட் 2019, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கல்லிடைக்குறிச்சி. அப்பா புனலூரில் முப்பது வருஷம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடையை ஏறக்கட்டிவிட்டு ஊருக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. ஆனாலும் காலையில் மலையாளச் செய்தி கேட்காமல் அவருக்குக் காபி இறங்காது. மீடியம் வேவில் ஆலப்புழை, 576 கிலோஹெர்ட்ஸ். இதுவரைக்கும் ஒரு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. ஆறேழு மாதமாக ஒரே இரைச்சல். அதற்குள்ளே 'டிக்... டிக்...' என்று சுவர்க்கடிகாரம் மாதிரி ஒரு சத்தம் வேறு. ராத்திரியில் ஏறி இறங்கிக் கேட்கும். பகலில்தான் பாடு.

செட்டை மெக்கானிக்கிடம் காட்டினேன். கோளாறு எதுவும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தனியாக ஒரு ஃபெரைட் ஆன்டெனா (காந்தக் கோட்டை இழுத்துச் சேர்க்கிற கறுப்புத் தண்டில் கம்பி சுற்றினது) செய்து செட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் கேட்கும் என்று ஒரு சேக்காளி சொன்னான். ராடு வாங்கியாச்சு: விட்டம் 10 மி.மீ., நீளம் 200 மி.மீ. பழைய வால்வு செட்டில் கழற்றின கேங் (நிலையம் திருப்புகிற மாறு கெபாசிட்டர்) ஒன்று கிடக்கிறது, 365 பிகோஃபாரட். எத்தனை சுற்று, எந்தக் கம்பி? எனக்குச் சுற்ற வரும், கணக்கு வராது.

போனில் கேட்கலாமே என்று யாரும் சொல்ல வேண்டாம். அப்பாவிடம் அதைச் சொல்லி ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

பணகுடி_காத்தாடி
4 ஆகஸ்ட் 2019, இரவு 9:40

இது ரொம்பச் சுலபம் மக்கா. அந்த ராடைத் தூக்கிப் போடு. கெட்டுப்போன கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து ஃபெரைட் கோரை எடு. அதன் மியூ (காந்தக் கோட்டை உள்ளே இழுக்கிற அளவு) 2000 இருக்கும், ரேடியோ ராடெல்லாம் 400 தாண்டாது. அஞ்சு மடங்கு சிக்னல். அப்புறம் ராடின் முனையை ஆலப்புழையை நோக்கி நீட்டி வை, துப்பாக்கி பிடிக்கிற மாதிரி. அவ்வளவுதான்.

பழைய_மர்பி
5 ஆகஸ்ட் 2019, காலை 6:05

காத்தாடி தம்பி, நீ சொன்னபடி முனையை ஆலப்புழையை நோக்கி நீட்டினால் ஊரில் இருக்கிற எல்லா நிலையமும் கேட்கும், ஆலப்புழை ஒன்றைத் தவிர.

நாற்பது வருஷம் பாளையங்கோட்டையில் ரேடியோ பழுது பார்த்தவன் சொல்கிறேன். ஃபெரைட் ராடு நிலையத்துக்கு விலா காட்டிப் படுக்கணும். அலை உன் வீட்டை நோக்கி வரும்போது அதன் காந்தக் கோடுகள் வருகிற திசைக்குக் குறுக்கே, தரையோடு கிடையாக இருக்கும். ராடும் அந்தக் கோட்டோடு சேர்ந்து கிடந்தால்தான் கோடுகள் ராடுக்குள்ளே நுழையும். முனையைக் காட்டினால் ஒன்றும் நுழையாது. அதை நான் செவிட்டுத் திசை என்பேன். நம்பாவிட்டால் கையில் ஒரு டிரான்சிஸ்டரை எடுத்து நெல்லை வானொலி 1197-ஐ வைத்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப்பார். ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் சத்தம் படுத்துவிடும். அந்த இரண்டு இடத்திலும் உள்ளே இருக்கிற ராடின் முனை நிலையத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

கேட்கிற பக்கம் அகலம், நாலு விரல் முன்னே பின்னே போனாலும் வித்தியாசம் தெரியாது. செவிட்டுப் பக்கம் ஊசி மாதிரி ஒடுக்கம். ஆன்டெனா செய்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற பக்கத்தையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். வேலைக்கு ஆகிறது மற்றப் பக்கம்தான். அந்த 'டிக் டிக்' எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாரப்பா மணி. சுற்று எண்ணிக்கையை அப்புறம் பார்ப்போம்.

தென்காசி_சாரல்
5 ஆகஸ்ட் 2019, மாலை 5:48

கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்பதால் கணக்கை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் மியூ. காத்தாடி சொன்ன அஞ்சு மடங்கு, கோர் வளையமாக மூடியிருந்தால் சரி. ராடு இரண்டு பக்கமும் திறந்தது. காந்தக் கோடு ஃபெரைட்டுக்குள் கொஞ்ச தூரம் வந்துவிட்டு மிச்ச தூரத்தைக் காற்றில்தான் கடக்கிறது. அதனால் சரக்கின் மியூவைவிட நீளத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம்தான் முக்கியம். விட்டத்தைப் போலப் பத்து மடங்கு நீளமுள்ள ராடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு மியூ 400 என்றால் ராடாகக் கிடைப்பது சுமார் 44. சரக்கு 2000 என்றால் சுமார் 48. இவ்வளவுதான் லாபம். மணியின் ராடு இருபது மடங்கு நீளம். சரக்கு 400 என்றாலே 109 வரும். நீளமான ராடு வாங்கினதே பாதி வேலை முடிந்த மாதிரி.

அதோடு பவர் சப்ளை கோர் பெரும்பாலும் மாங்கனீஸ்-ஜிங்க் ஃபெரைட். சில பத்து, நூறு கிலோஹெர்ட்ஸுக்கு என்று செய்தது. மீடியம் வேவின் மேல்பாதியில் அது சிக்னலைத் தின்றுவிடும்.

இனி சுற்று. 365 பிகோஃபாரட் கேங், அதோடு கம்பி, காயில் எல்லாம் சேர்ந்து ஒரு 15 என்று வைத்தால் மொத்தம் 380. பேண்டின் அடி முனை 531 கிலோஹெர்ட்ஸ். அதற்குக் காயிலில் 236 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) வேண்டும். அதே காயிலோடு 1602 வரைக்கும் ஏறணும் என்றால் கேங் முழுக்கத் திறந்திருக்கும்போது மொத்தக் கெபாசிட்டி 42 பிகோஃபாரட்டுக்குள் இருக்கணும். பழைய கேங்கில் டிரிம்மரை (ஓரத்தில் இருக்கிற சின்னத் திருகுக் கெபாசிட்டரை) இறுக்கி வைத்திருந்தால் இது தாண்டிவிடும், தளர்த்திவிடுங்கள். உங்களுக்கு 576 மட்டும் போதும் என்றால் அந்தக் கவலையே இல்லை. 324 பிகோஃபாரட் பக்கத்தில், அதாவது கேங் முக்காலுக்கு மேல் மூடியிருக்கும்போது நிற்கும்.

சுற்று எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்ல முடியாது. ராடுக்கு ராடு மாறும். 58 சுற்று சுற்றி எல்.சி.ஆர். மீட்டரில் (இண்டக்டன்ஸ் அளக்கிற கருவியில்) வைத்துப் பாருங்கள். இண்டக்டன்ஸ் சுற்றின் வர்க்கத்துக்கு ஏறும். 290 காட்டினால், 236-ஐ 290-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.9. 58-ஐ அதால் பெருக்கினால் 52. ஆறு சுற்றைப் பிரித்துவிட வேண்டியதுதான்.

உப்பளத்தான்
5 ஆகஸ்ட் 2019, இரவு 8:20

தூத்துக்குடியிலிருந்து ஒரு வார்த்தை. எங்களுக்குச் சிக்னல் போதவில்லை என்கிற பிரச்சினையே கிடையாது. எங்கள் ஊர் நிலையம் 1053-இல் 200 கிலோவாட், இலங்கையைப் பார்த்துப் போடுகிறார்கள். எங்கள் தெருவில் சாயங்காலம் ஆனால் ஒட்டு சரியில்லாத ஆம்ப்ளிஃபயரில்கூட சிங்களம் பேசும். நான் ஃபெரைட் ராடு சுற்றியதே 1053-ஐக் கேட்காமல் இருப்பதற்குத்தான்! பி.எஃப்.டபிள்யூ. 10 டிரான்சிஸ்டர் போட்டு ஒரு பெருக்கி செய்துபார்த்தேன். பேண்டு முழுக்க 1053 தான் வந்தது. மணி, பெருக்கி வேண்டாம். சும்மா கேங்கும் காயிலும் போதும்.

பணகுடி_காத்தாடி
5 ஆகஸ்ட் 2019, இரவு 8:31

சரி அண்ணாச்சி, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டேன். ஒரு சந்தேகம். ஆலப்புழை எங்கோ கிடக்கிறது. திருவனந்தபுரம் 1161 மலைக்கு அந்தப் பக்கம்தானே, கல்லிடையிலிருந்து கூப்பிடு தூரம். அதே செய்திதானே அதிலும் வரும்? அதைப் பிடித்தால் என்ன?

தென்காசி_சாரல்
5 ஆகஸ்ட் 2019, இரவு 10:02

நல்ல கேள்வி. தூரம் பார்த்தால் திருவனந்தபுரம் பாதிக்கும் குறைவு. ஆனால் அது 20 கிலோவாட், ஆலப்புழை 200. நடுவில் அகத்தியர் மலை நிற்கிறது. பகலில் மீடியம் வேவ் தரையைத் தொட்டுக்கொண்டுதான் வரணும். பாறை நிலத்தில் தரை அலை சீக்கிரம் தேயும், அதிர்வெண் கூடக் கூட இன்னும் வேகமாகத் தேயும். 576-க்கும் 1161-க்கும் இதில் பெரிய வித்தியாசம்.

அதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். கல்லிடையிலிருந்து நெல்லை கிழக்கே, தூத்துக்குடியும் அதே கிழக்கே, திருவனந்தபுரம் நேர் மேற்கே கொஞ்சம் தெற்குச் சாய்வு. நாலு ஊரும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும். 1161-க்கு நாலே இடம் தள்ளி 1197, அதுவும் வீட்டுப் பக்கத்து நிலையம். அதை அமுக்க ராடின் முனையைக் கிழக்கே திருப்பினால் அடுத்த முனை திருவனந்தபுரத்தைப் பார்த்துவிடும். இரண்டும் சேர்ந்தே செத்துப்போகும்.

ஆலப்புழை வடமேற்கே, சுமார் 155 கி.மீ. ராடு கிழக்கு மேற்காகக் கிடந்தால் அதற்கும் ஆலப்புழைக்கும் நடுவில் 36 பாகைக் கோணம். முழுச் சிக்னலில் சுமார் 0.6 பங்கு கிடைக்கும். நெல்லையும் தூத்துக்குடியும் ஒரே அடியில் அடங்கும். மணி, இப்படி வைத்துத் தொடங்குங்கள்.

பழைய_மர்பி
6 ஆகஸ்ட் 2019, காலை 6:10

நான் ஒன்று சொல்கிறேன், சாரல் கோபித்துக்கொள்ளக் கூடாது. ராடைவிட ஃபிரேம் (சட்டத்தில் சுற்றுகிற பெரிய காயில்) சுற்றினால் நல்லது. இரண்டடிச் சதுரம். அந்தக் காலத்தில் நாங்கள் பனை மட்டையைச் சீவிக் குறுக்கே கட்டி, அதில்தான் சுற்றுவோம். காய்ந்த மட்டை லேசாக இருக்கும், வளையாது, காசும் கிடையாது. கருக்கை மட்டும் செதுக்கிவிடணும், இல்லையென்றால் கையைக் கிழித்துவிடும்.

தென்காசி_சாரல்
6 ஆகஸ்ட் 2019, மாலை 6:15

கோபம் என்ன, கணக்கும் உங்கள் பக்கம்தான் அண்ணாச்சி. 60 செ.மீ. சதுரத்தில் 5 மி.மீ. இடைவெளியில் 13 சுற்று சுற்றினால் அதே 236 மைக்ரோஹென்றி வருகிறது. ஒரு சுற்றின் பரப்பு 3600 சதுர செ.மீ. மணியின் ராடோ குறுக்குவெட்டில் ஒரு சதுர செ.மீ. கூட இல்லை. மியூ 109-ஆல் பெருக்கினாலும் உத்தேசமாக 85 தான். அதாவது வெறும் காற்றில் 10 செ.மீ. விட்டமுள்ள ஒரு வளையத்துக்குச் சமம், ஒரு காபி டபராவின் வாய் மாதிரி. சுற்றுகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஃபிரேம் சுமார் பத்து மடங்கு கூடுதலாக வாங்கும்.

ஆனால் ஃபிரேம் இரைச்சலையும் அதே பத்து மடங்கு வாங்கும் இல்லையா? மணியின் வீட்டில் ஆலப்புழை இரைச்சலுக்குள் முங்கிக் கிடக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் என்ன லாபம்?

கல்லிடை_மணி
6 ஆகஸ்ட் 2019, இரவு 9:30

மட்டை யோசனையை வீட்டில் சொன்னேன். "துணி காயப்போட ஆகும்" என்றாள் அம்மா. ஆகவே ராடுதான்.

கம்பி விஷயம்? பழைய செட் ஒன்றில் லிட்ஸ் கம்பி இருக்கிறது, மேலே பட்டு நூல் சுற்றினது. அதைப் பிரித்து எடுக்கலாமா, அல்லது மோட்டார் கடை வார்னிஷ் கம்பி போதுமா?

மேலப்பாளையம்_சோல்டர்
6 ஆகஸ்ட் 2019, இரவு 11:15

இதுவரைக்கும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். சோல்டர் விஷயம் வந்ததால் வருகிறேன்.

லிட்ஸ் இருந்தால் லிட்ஸ்தான். 1 மெகாஹெர்ட்ஸில் கரண்ட் செப்பின் தோலோடுதான் ஓடும், ஆழம் 0.066 மி.மீ. தான். தடித்த ஒற்றைக் கம்பியில் நடுச்செப்பு சும்மா கிடக்கும். தலைமுடி மாதிரி பல இழை, ஒவ்வொன்றுக்கும் தனி வார்னிஷ், எல்லாம் முறுக்கிச் சேர்த்தது லிட்ஸ். ஆனால் ஒரு நிபந்தனை: ரெண்டு முனையிலும் எல்லா இழையும் ஈயத்தில் பிடித்திருக்கணும். பதினைந்தில் மூன்று விட்டுப்போனால் அந்த மூன்றும் ஒரு வேலையும் செய்யாமல் கெடுதல் மட்டும் செய்யும்.

பிளேடால் சுரண்டாதீர்கள், இழை அறுந்துவிடும். நான் செய்கிற விதம்: பட்டு நூலை ஒரு செ.மீ. பின்னால் தள்ளிவிட்டு, முனையை விசிறி மாதிரி விரிப்பேன். ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சிவக்கிற வரைக்கும் காட்டி, உடனே ஒரு மூடியில் வைத்திருக்கிற ஸ்பிரிட்டில் முக்குவேன். சுர் என்று கேட்கும். வார்னிஷ் கரியாகிக் கழன்றுவிடும், செம்பு ரோஜா நிறத்தில் வரும். விரலால் துடைத்து, ஃபிளக்ஸ் வைத்து ஈயம். விளக்குக்கும் மூடிக்கும் நடுவில் கை எட்டுகிற தூரம் இருக்கணும். ஒரு தடவை மூடியே தீப்பிடித்து, கடை மேஜையில் இன்னும் அந்த வட்டம் இருக்கிறது.

ராடின் மேல் நேராகச் சுற்றாதீர்கள். தினசரி காலண்டர் தாளை இரண்டு சுற்றுச் சுற்றிக் குழாய் மாதிரி ஆக்கி அதன் மேல் சுற்றுங்கள். காயில் நகரணும். நடுவில் இருந்தால் இண்டக்டன்ஸ் அதிகம், முனைக்குத் தள்ளத் தள்ளக் குறையும். கடைசித் திருத்தம் அதில்தான். சரியான இடம் கிடைத்ததும் மெழுகுவர்த்தியில் நாலு சொட்டு.

ராடைப் பிடிக்க உலோக வளையம் போடவே கூடாது. மூடின வளையம் என்றால் அதுவே ஒரு ஷார்ட் ஆன சுற்று. ரப்பர் பேண்டு, நூல், எதுவும் ஆகும்.

கல்லிடை_மணி
10 ஆகஸ்ட் 2019, மாலை 4:40

நல்ல செய்தி, கெட்ட செய்தி இரண்டும்.

58 சுற்றினேன், 301 காட்டியது. ஏழு சுற்றுப் பிரித்து, காலண்டர் குழாயை நகர்த்தி, 236-க்குக் கொண்டுவந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரியே ராடு மேஜையிலிருந்து உருண்டு விழுந்து இரண்டு துண்டு. அழாத குறை. அப்பா எட்டிப்பார்த்து "பென்சிலா?" என்று கேட்டார்.

ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன். மீட்டரில் 229. ஏழே ஏழு குறைவு! நான் பாதி போய்விடும் என்று பயந்தேன்.

இன்னொரு கூத்து. ராடையும் செட்டையும் சேர்த்துச் சுழற்ற வசதியாக எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்தேன். கேங்கைத் திருப்பினால் எங்கேயும் தூக்கவே இல்லை. ஒரு மணி நேரம் ஈயத்தையெல்லாம் மறுபடி வைத்துப் பார்த்தேன். கடைசியில் அம்மா தாம்பாளத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனபிறகு, வெறும் பலகையில் வைத்தபோது 576 பளிச்சென்று எழும்புகிறது.

ஆனால் இரைச்சலும் கூடவே எழும்புகிறது. டிக் டிக் அப்படியே இருக்கிறது.

தென்காசி_சாரல்
10 ஆகஸ்ட் 2019, மாலை 5:55

ஒட்டினது சரி. ராடில் கோடுகள் எப்படியும் பெரும்பாதையைக் காற்றில் கடக்கின்றன. முடி அளவு இடைவெளி ஒன்று கூடினால் அதற்குப் பெரிதாகத் தெரியாது. குழாயைக் கொஞ்சம் நடுவுக்குத் தள்ளினால் 236 வந்துவிடும்.

தாம்பாளத்தில் நடந்தது: காயிலின் காந்தப்புலம் தகட்டில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி அங்கேயே சூடாகிக் கரைந்துவிட்டது. கியூ (ஒரே அதிர்வெண்ணில் கூர்மையாக எழும்புகிற குணம்) போய்விட்டது, இண்டக்டன்ஸும் மாறிவிட்டது. மர மணை ஒன்றில் வையுங்கள். செட்டுக்குள் இருக்கிற ராடும் வெளி ராடும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு சாண் தள்ளி. ரொம்ப நெருக்கினால் ஒரே இடத்தில் எழும்பாமல் இரண்டு இடத்தில் எழும்பும்.

பழைய_மர்பி
11 ஆகஸ்ட் 2019, காலை 6:02

மணி, நான் முதல் நாளே கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

உங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள் இல்லையா, அது எப்போது? அன்றைக்கு பேட்டரியில் செட்டைப் போட்டு உட்கார். ரேடியோக்காரனுக்கு அதுதான் தீபாவளி. ஊரில் ஒரு பல்பு, ஒரு சார்ஜர், ஒரு இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறாது. எது நிற்கிறது, எது மிஞ்சுகிறது என்று கேள்.

கல்லிடை_மணி
13 ஆகஸ்ட் 2019, இரவு 8:50

அண்ணாச்சி, கும்பிடு.

இன்றைக்கு 9 மணியிலிருந்து 2 மணி வரைக்கும் கரண்ட் இல்லை. 9 அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போதே திண்ணையில் மணையை வைத்து உட்கார்ந்துவிட்டோம், நானும் அப்பாவும். கரண்ட் போனது. யாரோ கதவைச் சாத்தின மாதிரி இரைச்சல் நின்றது. மலையாளப் பாட்டு, தபேலாவின் விரல் வரைக்கும் கேட்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை, வால்யூமைக் குறைத்தார். ஆறு மாதத்தில் அவர் வால்யூமைக் குறைத்து நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

ஆனால் டிக் டிக் மட்டும் போகவில்லை. கரண்ட் இல்லாத ஊரில்! வாட்சை வைத்து எண்ணினேன், நிமிஷத்துக்கு ஐம்பது சொச்சம்.

கரண்ட் வந்தபிறகு வீட்டு மெயினை மட்டும் அணைத்துப் பார்த்தேன். பாதி இரைச்சல் என் வீட்டிலேயே. செட்டாப் பாக்ஸின் அடாப்டர் ஒன்று, போன வருஷம் முற்றத்தில் மாட்டின எல்.இ.டி. பல்பு ஒன்று. பல்பை மாற்றிவிட்டேன், அடாப்டர் காலையில் பிளக்கிலிருந்து கழன்றிருக்கும். மிச்சம் அக்கம்பக்கத்தில் இருந்து வருகிறது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

டிக் டிக் என்னவாக இருக்கும்?

உப்பளத்தான்
13 ஆகஸ்ட் 2019, இரவு 9:05

உங்கள் பக்கம் காட்டுப்பன்றித் தொந்தரவு உண்டா? சோலார் வேலி போட்டிருக்கிறார்களா? அதுதான் சுமார் நொடிக்கொரு தடவை அடிக்கும். பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் நிற்காது.

பழைய_மர்பி
14 ஆகஸ்ட் 2019, காலை 6:00

உப்பளத்தான் சொன்னதுதான். இனி ராடை வைத்துக் கண்டுபிடி. சின்ன டிரான்சிஸ்டரை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, டிக் டிக் செத்துப்போகிற திசையைப் பார். ராடின் முனை காட்டுகிற கோட்டில்தான் அது இருக்கு. முன்னாலா பின்னாலா என்று ராடு சொல்லாது. இன்னொரு தெருவுக்குப் போய் மறுபடி பார். இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடம்தான்.

போனால் வேலியைத் தொடாதே. முறைப்படி போட்ட சோலார் வேலி உதறிவிட்டு விடும். நேராகக் கரண்ட் இழுத்துவிட்டிருக்கிற திருட்டு வேலி ஆளைக் கொல்லும். எது எதென்று பார்வையில் தெரியாது.

கல்லிடை_மணி
18 ஆகஸ்ட் 2019, பிற்பகல் 1:25

கிடைத்துவிட்டது. வீட்டுத் திண்ணையில் ஒரு கோடு, மணிமுத்தாறு போகிற ரோட்டில் சைக்கிளை நிறுத்தி ஒரு கோடு. இரண்டும் தெற்கே ஒரு வாழைத் தோப்பில் போய் விழுந்தன. கிட்டே போகப் போக டிரான்சிஸ்டர் சாட்டை சொடுக்குகிற மாதிரி அடிக்கிறது.

தோப்புக்காரர் தூரத்துச் சொந்தம், எனக்குச் சித்தப்பா முறை. ஏழு மாதத்துக்கு முன்னால் வேலி போட்டாராம். ரேடியோவைக் காட்டினதும் அவருக்கே ஆச்சரியம். வேலியோரமாக நடந்தோம். மூலையில் பிரண்டையும் கோவைக்கொடியும் கம்பியில் ஏறிச் சுற்றியிருக்கிறது. அந்த இடத்தில் குனிந்து பார்த்தால் இலை நுனியில் சிட்டிகை அளவு நீலப்பொறி. ஒவ்வொரு பொறிக்கும் ரேடியோவில் ஒரு சொடுக்கு. வேலியை அணைத்துவிட்டு அரிவாளால் கொடியை வெட்டினார். மறுபடி போட்டபோது சத்தம் கால்வாசிதான் இருந்தது. "விடிஞ்சதும் அணைச்சிடுதேன்" என்று சொன்னார். இரண்டு நாள் அணைத்தார், மூன்றாம் நாள் மறந்துவிட்டார்.

அதனால் மணையைத் திருப்பிவிட்டேன். சாரல் சார் சொன்ன கிழக்கு மேற்கு இல்லை, வடக்கு தெற்கு. ராடின் முனை நேராகத் தோப்பைப் பார்க்கிறது. டிக் டிக் சுத்தமாக இல்லை. ஆலப்புழை குறைந்த மாதிரியும் தெரியவில்லை. கணக்கு தப்பா?

தென்காசி_சாரல்
18 ஆகஸ்ட் 2019, மாலை 4:10

கணக்கு தப்பில்லை, நான் தப்பான எதிரியை எடுத்துக்கொண்டேன். 1197-ம் 1053-ம் 576-லிருந்து தூரத்தில் இருக்கின்றன, உங்கள் காயிலே அவற்றை வடிகட்டிவிடும். வேலி அப்படி இல்லை, பேண்டு முழுக்க அடிக்கும். வடக்கு தெற்காக வைத்தால் ஆலப்புழைக்கு 54 பாகை, கிடைப்பது 0.8 பங்கு. நான் சொன்னதைவிடக் கூடுதலே.

பணகுடி_காத்தாடி
18 ஆகஸ்ட் 2019, மாலை 4:32

இதைப் படித்துவிட்டு என் வீட்டு மெயினை அணைத்துப் பார்த்தேன். இத்தனை நாளும் காற்றாலையைத் திட்டிக்கொண்டிருந்தேன். மொட்டைமாடி சோலார் இன்வெர்ட்டர்தான்.

கல்லிடை_மணி
25 ஆகஸ்ட் 2019, காலை 7:35

ஒரு புதுப் புகார். செய்தி வாசிக்கிறவருக்கு ஒரு வாரமாக ஜலதோஷமா என்று அப்பா கேட்கிறார். எனக்கும் மூக்கடைத்த மாதிரித்தான் கேட்கிறது. ச, ஷ எல்லாம் மழுங்குகிறது. கேங்கைக் கொஞ்சம் தள்ளினால் தெளிகிறது, ஆனால் சத்தம் குறைகிறது.

தென்காசி_சாரல்
25 ஆகஸ்ட் 2019, காலை 9:20

காயில் தேவைக்கு மேல் நன்றாக அமைந்துவிட்டது. கியூ 220 என்று வைத்தால் 576-இல் அகலம் 2.6 கிலோஹெர்ட்ஸ்தான் விடும். பேச்சின் மேல் சுரங்கள் இரண்டு பக்கமும் அறுபட்டுப்போகும். கேங்குக்குக் குறுக்கே 150 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள். கியூ நூறு பக்கம் இறங்கும், அகலம் ஆறு கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும்.

மேலப்பாளையம்_சோல்டர்
25 ஆகஸ்ட் 2019, காலை 9:41

என் லிட்ஸ் சோல்டரிங்கைக் குறை சொல்கிற மாதிரியே இருக்கிறது.

கல்லிடை_மணி
25 ஆகஸ்ட் 2019, இரவு 8:15

150 இல்லை, 100 கிலோ ஓம் கிடந்தது, அதைப் போட்டேன். ஜலதோஷம் போய்விட்டது.

இப்போது அம்மா, திருச்சி 936 கிடைக்குமா என்கிறாள். மணையைக் கிழக்கு மேற்காகத் திருப்பினால் லேசாகக் கிடைக்கிறது. சித்தப்பா வேலியை அணைக்க மறந்தால் அதுவும் கூடவே கிடைக்கிறது.